ஒரு தொட்டிக்கு ஒன்று

கதவு மூடிய சத்தம் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த சத்தம்தான் சரியில்லை. சாவி ஒருமுறை திரும்பியது. கொஞ்சம் யோசித்தது போல நின்று, இன்னொரு முறையும் திரும்பியது.

சிவாஜினி கைப்பிடியை அழுத்தினாள். கைப்பிடி இறங்கியது. கதவு அசையவில்லை.

“அன்ரி?”

வெளியே செருப்பு ஒன்று தரையைத் தேய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனது.

“மேடம்,” என்றான் சடகோபன். “இது காத்துல சாத்திக்கிட்ட கதவா, இல்ல நம்மள வச்சுப் பூட்டுன கதவா?”

“காத்து ரெண்டு தரம் சாவி திருப்பாது.”

“சரி. சந்தேக நபர்கள்ல காத்தை விட்டுடறேன்.”

சடகோபன் அவளுடைய உதவியாளன். சென்னையிலிருந்து கணினி வேலைக்காக சிட்னி வந்தவன். வேலை போன பிறகு பரமட்டாவில் இவள் அலுவலகத்துக் கணினியைப் பழுது பார்க்க வந்து அப்படியே தங்கிவிட்டான். சிவாஜினி அதிகம் பேசமாட்டாள். இருவருக்கும் சேர்த்து அவன் பேசினான்.

உள்ளே மாட்டிக்கொண்ட மூன்றாவது ஆள் சுபாங்கன். இந்த வேலையைக் கொடுத்தவன் அவன்தான். அகன்ற தோள்கள், கறுப்புத் தோல் ஜாக்கெட், எல்லோரிடமும் மரியாதையான பேச்சு. இப்போது அந்த மரியாதை கதவில் முஷ்டியாக இறங்கியது.

“அன்ரி! கதவைத் திறவுங்கோ!”

தூரத்தில், குசினி யன்னலிலிருந்து, சிவனேஸ்வரி அன்ரியின் குரல் வந்தது. “பூட்டு இறுகிப் போச்சுது தம்பி! அங்கிள் வந்து எண்ணெய் விட்டுத் திறப்பார். கொஞ்சம் பொறுங்கோ!”

யன்னல் மூடிக்கொண்டது.

கிளேட்டன் என்ற புறநகரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் உள்ள ஒரு தெரு அது. வீட்டின் பின் முற்றத்தில் தனியாக நின்ற கராஜை அன்ரியின் கணவர் தேவராஜா அங்கிள் அறையாக மாற்றி வாடகைக்கு விட்டிருந்தார். கார் நுழையும் பக்கம் உள்ளே பலகை அடித்து மூடப்பட்டிருந்தது. ஒரு யன்னல் இருந்தது. அதன் வழியாக ஒரு பூனை போகலாம், அதுவும் மெலிந்த பூனை. கூரையில் ஒரு சதுர மூடி. மூலையில் ஒரு ஏணி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. ஜூலை மாதக் குளிரில் மூன்று பேர் விட்ட மூச்சும் வெள்ளையாகத் தெரிந்தது.

இந்த அறையில்தான் சுஜீதன் குடியிருந்தான். பல்லிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன். பாலைவன மணலில் வாழும் குமிழ்வால் பல்லிகள் மூன்று அவனுடைய ஆய்வுக்கூடத்திலிருந்து காணாமல் போயிருந்தன. பழி அவன்மேல் விழுந்தது. பிறகு அவனும் காணாமல் போனான். திங்கட்கிழமை விசாரணை. அவன் அங்கே போய் நின்று பதில் சொல்லாவிட்டால் பழி உறுதியாகிவிடும். படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும்.

“அவன் என்ர சித்தப்பாவின்ர மகன்,” என்று பரமட்டா அலுவலகத்தில் சுபாங்கன் கண் கலங்கியிருந்தான். “திங்கட்கிழமைக்கு முதல் அவனை எப்படியும் கண்டுபிடிச்சுத் தாங்கோ, தங்கச்சி.”

இன்று சனிக்கிழமை. காலையில் விமானமேறி வந்து, சுபாங்கன் வாடகைக்கு எடுத்த காரில் இங்கே வந்து, இந்த அறைக்குள் நுழைந்து, பூட்டப்பட்டும் ஆயிற்று.

“கண்டுபிடிக்க வந்தவங்க காணாமப் போறது நம்ம கம்பெனில இதுதான் முதல் தடவை,” என்றான் சடகோபன்.

சிவாஜினி மேசைப் பக்கம் திரும்பினாள். அங்கே மூன்று கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக இருந்தன. முதல் இரண்டும் காலி. மணல் மட்டும் இருந்தது. மூன்றாவதில் மூன்று பல்லிகள்.

ஒரே தொட்டியில் மூன்று பல்லிகள், ஒரே அறையில் மூன்று பேர் என்று அவளுக்குத் தோன்றியது.

பல்லிகள் உள்ளங்கையளவு இருந்தன. பெரிய கண்கள். தடித்த வால், அதன் நுனியில் மிளகளவு ஒரு குமிழ். சுவரேறும் பல்லிகள் அல்ல இவை. கண்ணாடியில் கால் வழுக்கி மணலில்தான் கிடந்தன. ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி நடுவில் வட்டமான இரண்டு பின்னல் தட்டுகள் செங்குத்தாக மணலில் நட்டு வைக்கப்பட்டிருந்தன.

சடகோபன் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தான். “இதென்ன, பல்லிக்கு பேட்மிண்டன் கோர்ட்டா?”

“இடியப்பத் தட்டு.”

“பல்லிக்கு இடியப்பமா? நமக்கு ஃப்ளைட்ல ஒரு பிஸ்கட் கூடத் தரலை.”

“கிட்ட வந்து பாருங்கோ.”

“வேண்டாம் மேடம். தலையில பல்லி விழுந்தா மரணம்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு. மத்தவங்களுக்காவது முடி தாங்கும். எனக்கு நேரா மண்டையிலதான் விழும். காஞ்சிபுரம் போய் தங்கப் பல்லியைத் தொட்டு எல்லா தோஷத்தையும் கழிச்சுட்டுதான் பாஸ்போர்ட்டே எடுத்தேன். இனி புதுக் கணக்கு ஆரம்பிக்க மாட்டேன்.”

சுபாங்கன் கதவை விட்டுவிட்டு மேசைக்கு வந்தான். தொட்டியைப் பார்த்தான். அவன் முகம் ஒரு கணம் இளகி, பிறகு துக்கத்துக்கு மாறியது.

“உதுகள்தான் அந்தப் பல்லியள். பாத்தீங்களோ தங்கச்சி? அவன்தான் எடுத்திருக்கிறான். நான் நம்பேல்லை.” தலையை ஆட்டினான். “எனக்குப் பல்லியெண்டாலே அருவருப்பு. ஒண்டும் தெரியாது. அவன் கதைக்கேக்க எழும்பிப் போயிடுவன்.”

சொல்லிக்கொண்டே தொட்டியின் வலைமூடியைத் தூக்கிப் பார்த்தான். திரும்ப வைக்கும்போது மூலைக் கொக்கி இரண்டையும் விரலால் அழுத்தி, பூட்டிக்கொண்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

சிவாஜினி அதைக் கவனித்தாள். கட்டிலையும் கவனித்தாள். கட்டிலில் தம்பியின் போர்வை இல்லை. அண்ணன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உள்ளே வந்ததும் அவன் கண் நேரே தொட்டிகளுக்குத்தான் போயிருந்தது.

அவள் காலித் தொட்டிகளைச் சற்றே தூக்கினாள். கீழே மேசையில் தூசி படிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தொட்டியின் கீழும் புத்தக அளவில் ஒரு சுத்தமான சதுரம். ஏதோ ஒன்று பல நாள் அங்கே கிடந்து, இப்போதுதான் எடுக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது தொட்டியின் அடியில் அது இன்னும் இருந்தது. கை வைத்தாள். இளஞ்சூடு.

“சூடாக்கும் விரிப்பு,” என்றாள் தனக்குள். மூன்றில் இரண்டைக் காணவில்லை.

“மேடம், ஒரு சந்தேகம்.” சடகோபனுக்கு மௌனம் தாங்காது. “வாசல்ல அந்தம்மா ‘துடக்கு, துடக்கு’ன்னாங்களே. சாமியறையைக் கூட பூட்டி வச்சிருக்கேன்னாங்க. துடக்குன்னா என்ன?”

“தீட்டு. ஆரோ சொந்தக்காரர் கனடாவில செத்துப் போனாராம்.”

“ஓ, சாவுத் தீட்டா? அப்போ எப்படி அந்த அங்கிள்—”

அவன் வாய் திறந்தபடி நின்றது. அவனுடைய கால் கட்டைவிரலின் மேல் சிவாஜினியின் சப்பாத்து நின்றது.

“எந்த அங்கிள்?” என்றான் சுபாங்கன்.

“எங்க அங்கிள்,” என்றான் சடகோபன், வலியை விழுங்கிக்கொண்டு. “மாம்பலத்துல. அவர் போனப்போ எங்களுக்கும் தீட்டு. பதிமூணாம் நாள் சாப்பாடு பிரமாதம்.”

சுபாங்கன் அலுப்போடு யன்னல் பக்கம் போனான். கண்ணாடியில் முகத்தை ஒட்டி வீட்டைப் பார்த்தான். கண்ணாடி அவன் மூச்சில் மங்கியது. துடைத்தான். மறுபடி பார்த்தான்.

சிவாஜினி தொட்டியின் முன் குனிந்தாள். அவள் மனதில் ஒவ்வொன்றாக அமர்ந்தன. குமிழ்வால் பல்லியில் ஆண் எதுவென்று அறிய வாலின் அடியைப் பார்த்தால் போதும். வால் தொடங்கும் இடம் உப்பியிருக்கும். மூன்றும் உப்பியிருந்தன. மூன்றும் ஆண். அவள் விலங்கியல் படித்துவிட்டுத் துப்பறிய வந்தவள். அந்தப் படிப்பு இத்தனை வருடங்களில் இப்போதுதான் முதல் முறையாகப் பயன்படுகிறது.

ஆண் பல்லிகளை ஒரே தொட்டியில் யாரும் விடமாட்டார்கள். இடம் ஒன்று, சூடான மூலை ஒன்று. கடித்துக்கொள்ளும். ஒன்று மற்றவற்றைச் சாப்பிட விடாது. தோற்றதற்கு ஓட இடமும் இருக்காது. ஒரே இரவில் ஒரு வாலாவது குறையும். இந்த மூன்றின் உடம்பிலும் ஒரு கீறல் கூட இல்லை. அப்படியென்றால் இன்றுதான் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பதறினால் வாலை உதிர்க்கும் பிராணிகளை வால் உதிராமல் தூக்கி, சண்டை வராமல் மறைப்பும் வைத்த கை பழகிய கை. மறைப்பாக வந்தவை அன்ரியின் குசினிச் சாமான்கள்.

சுஜீதன் ஓடிப்போகவில்லை. இங்கேதான் இருக்கிறான். அன்ரிக்கு அது தெரியும்.

அப்படியானால் அவன் யாருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான்?

அவள் நிமிர்ந்தாள். உரக்கச் சொன்னாள். “இதில ஒண்டும் அதிசயமில்லை. மூண்டும் பெண். பெண் பல்லியள் சேர்ந்து இருக்கும். அங்கிளே ஒரு தொட்டிக்குள்ள எடுத்துப் போட்டிருப்பார்.”

சுபாங்கன் யன்னலிலிருந்து திரும்பவே இல்லை. “பெண்ணோ? மூண்டும் ஆண், தங்கச்சி. வாலின்ர அடியைப் பாருங்கோ, வீங்கியிருக்கு. இதுகளைச் சேர்த்து விட்டவனுக்கு விசர். ஒண்டின்ர வால் போனாலும் ஒருத்தரும் வாங்…”

நிறுத்தினான்.

மங்கிய கண்ணாடியில் அவன் முகம் அவளைப் பார்த்தது.

“சுஜிதான் சொல்லித் தந்தவன்,” என்றான். சிரித்தான். “கேக்காட்டியும் விடமாட்டான்.”

“ஓம்,” என்றாள் சிவாஜினி. “படிக்கிற பெடியள் அப்படித்தான்.”

அவள் குரல் மாறவில்லை. பல்லியென்றால் எழும்பிப் போகிறவனுக்கு வால் போனால் விற்காது என்று தெரிந்திருக்கிறது. தம்பியைத் தேட அவன் துப்பறிகிறவளை அமர்த்தவில்லை. ஒளிந்திருப்பவனை மோப்பம் பிடிக்க ஒரு நாயை அமர்த்தியிருக்கிறான். அந்த நாய் நல்ல பிள்ளையாக அவனை வீட்டு வாசலுக்கே கூட்டிவந்துவிட்டது.

சடகோபனின் சட்டைப்பையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ஒரு கை தூரத்தில் நிற்பவளிடமிருந்து செய்தி.

*இவன்தான் ஆள். அன்ரி நல்லவ. நான் என்ன சொன்னாலும் நம்பினமாதிரி நடியுங்கோ.*

அவன் பதில் எழுதினான். *எப்படி நடிக்கணும்?*

*பயந்தமாதிரி.*

*அதுக்கு நடிப்பே தேவையில்லை மேடம்.*

“ஆருக்கு மெசேஜ்?” சுபாங்கன் திரும்பியிருந்தான்.

“வீட்டுக்கு. பூட்டியாச்சுன்னு சொன்னேன். எதை மறந்து பூட்டினேன்னு கேக்கறா.”

சுபாங்கன் சிரிக்கவில்லை. அவன் மெல்ல நடந்து வந்து காலித் தொட்டிகளைப் பார்த்தான். ஒன்றைத் தூக்கினான். கீழே இருந்த சுத்தமான சதுரத்தைப் பார்த்தான். விரலால் அதன் ஓரத்தைத் தடவினான். அவள் வந்த வழியிலேயே அவனும் வந்துகொண்டிருந்தான், இரண்டு அடி பின்னால்.

“தங்கச்சி,” என்றான். “நீங்கள் கெட்டிக்காரி எண்டுதானே நான் சிட்னிக்கே வந்தனான். இந்த விரிப்புகளை ஆர் எடுத்தது? ஏன் எடுத்தது?” குரல் இன்னும் மரியாதையாகவே இருந்தது. ஆனால் அவன் இப்போது அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றான். “எனக்கு மறைக்காதேங்கோ. சம்பளம் தாறது நான்.”

அறை சுருங்கிவிட்டது போலிருந்தது. தொட்டிக்குள் ஒரு பல்லி இடியப்பத் தட்டின் ஓரம் வரை ஊர்ந்து வந்து நின்றது. மறுபக்கம் இருந்தது தலையைத் தூக்கியது.

சிவாஜினி பெருமூச்சு விட்டாள்.

“சரி. நான் பொய் சொன்னனான்,” என்றாள். “மூண்டும் ஆண்தான். உங்கட தம்பி உயிரோட, இங்கதான் இருக்கிறான்.”

“மேடம்!” என்றான் சடகோபன். அது நடிப்பல்ல.

“இண்டைக்குத்தான் இதுகளைச் சேர்த்தவன். இரண்டு விரிப்பைத் தனக்கு எடுத்திருக்கிறான். குளிர். கட்டில்ல போர்வையும் இல்லை. ஹீட்டர் இல்லாத, ஆக்கள் பாக்காத இடத்தில படுக்கிறான்.” அவள் கண் மூலையில் இருந்த ஏணிக்குப் போனது. பிறகு மெல்ல, மனமில்லாமல் போல, கூரையின் சதுர மூடிக்குப் போனது.

சுபாங்கனின் கண்ணும் கூடவே போனது.

“அன்ரி ஏன் எங்களைப் பூட்டினவ எண்டு யோசியுங்கோ,” என்றாள். “நாங்கள் மேல பாக்க முதல் அங்கிளைக் கூப்பிடத்தான்.”

அது முழுக்கச் சரியான காரணமாக இல்லை. ஆனால் ஆசை பிடித்தவனுக்கு முக்கால்வாசி சரியே போதும். சுபாங்கன் ஏணியை இழுத்து மூடிக்குக் கீழே நிறுத்தினான். ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தான். மரியாதையும் அதோடு போயிற்று.

“டேய் சுஜி! இறங்கடா கீழ! என்ர சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து ஒளிச்சிருந்தா விட்டிடுவனெண்டு நினைச்சியோ? ஒரு கோல் எடுத்தனெண்டா திங்கட்கிழமை வரைக்கும் கூட நீ இங்க இருக்கமாட்டாய்!”

மேலே பதில் இல்லை. அவன் மூடியைத் தள்ளினான். கைகளை ஊன்றி உடலை உயர்த்தினான். தலை இருட்டுக்குள் போனது. தோள், இடுப்பு, முழங்கால். கடைசியாக இரண்டு சப்பாத்துகள்.

மேலே தகரம் முனகியது. அவன் தவழ்ந்து உள்ளே போகும் சத்தம் கேட்டது.

சிவாஜினி விரலைச் சொடுக்கினாள். சடகோபன் ஏணியைத் தூக்கி ஓசையில்லாமல் சுவரோரம் படுக்க வைத்தான். பிறகு அவள் கை காட்டிய திசையைப் பார்த்தான். தொட்டி.

“நான் தூக்க மாட்டேன்.”

“அது சாட்சி. இவனோட விட்டிட்டுப் போக ஏலாது.”

“மூணு இருக்கு மேடம். மூணும் ஆம்பளை.”

“உங்களைவிட அதுகளுக்குத்தான் பயம்.”

அவள் கதவுக்குப் போனாள். கதவில் மெல்லத் தட்டினாள். அன்ரி குசினியிலிருந்து திரும்பி வந்திருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

“அன்ரி, நான் சிவாஜினி. கதவைத் திறவுங்கோ.”

“அங்கிள் வரட்டும்.”

“எங்களோட வந்தவர் கூரைக்குள்ள ஏறிட்டார். இப்ப திறந்தால் நானும் சடகோபனும் மட்டும் வெளியில வருவம்.”

“அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்ததே நீர்தானே, பிள்ளை.”

மேலே தவழும் சத்தம் கோடி வரை போய் நின்றது. திரும்பத் தொடங்கியது. இந்தக் கராஜ் வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்பதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள். அந்தக் கூரை எங்கும் போகாது. அது இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது.

“அன்ரி,” என்றாள், வாயைக் கதவில் வைத்து. “துடக்கு வீட்டு ஆக்கள் கோயிலுக்குப் போகமாட்டினம்.”

மறுபக்கம் சாவி பூட்டுக்குள் நுழைந்தது.

“அங்கிள் பேசின் எண்ட ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குப் போட்டார் எண்டு சடகோபனிட்டச் சொன்னனீங்கள். சுபாங்கன் அப்ப கார் நிப்பாட்டிக்கொண்டிருந்தவர், கேக்கேல்லை. உங்கட வீட்டில துடக்கு இல்லை அன்ரி. ஆரும் எட்டிப் பாக்கக்கூடாது எண்டுதான் சாமியறையைப் பூட்டினீங்கள். சுஜீதன் அதுக்குள்ள இருக்கிறான். நான் அவருக்குச் சொல்லேல்லை. கூரையைத்தான் காட்டினனான்.”

மேலே இருந்து ஒரு கத்தல். “எடியே! ஏணி எங்க?”

சாவி திரும்பியது. ஒருமுறை. இரண்டாவது முறை கொஞ்சம் இறுகியது. உண்மையாகவே அந்தப் பூட்டுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது.

“சடகோபன்!”

அவன் வந்தான். கண்களை இறுக மூடிக்கொண்டு, தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, உதடு எதையோ முணுமுணுக்க, கதிரையில் இடித்து, அவள் குரல் வந்த திசையில் வந்தான். தொட்டிக்குள் ஒரு பல்லி நான்கு காலிலும் உயர்ந்து நின்று சின்ன நாய்க்குட்டி போலக் குரைத்தது. சடகோபன் பதிலுக்கு ஏறக்குறைய அதே போல ஒரு சத்தம் எழுப்பினான்.

பின்னால் இரண்டு கால்கள் கூரையிலிருந்து தொங்கின. பிறகு முழு ஆளும் தரையில் விழுந்தான்.

கதவு திறந்தது. இருவரும் ஒரு தொட்டியும் வெளியே வந்தார்கள். கதவு மூடியது. சாவி திரும்பியது. அடுத்த கணம் உள்ளேயிருந்து முழு உடம்பும் கதவில் மோதியது.

கதவு அசையவில்லை. சற்று முன் அவளைப் பயமுறுத்திய அதே கதவு. இவ்வளவு நல்ல பூட்டை அவள் பார்த்ததில்லை.

சிவனேஸ்வரி அன்ரி குட்டையான பெண்மணி. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“அந்தாளின்ர முகத்தை நான் அறியன்,” என்றாள். “வாசல்ல கதைக்கேக்க சாமியறைக்குள்ள இருந்த சுஜிக்கு அந்தாளின்ர குரல் கேட்டிருக்கு. உடன எனக்கு மெசேஜ் போட்டவன். அதுக்குள்ள நீங்கள் எல்லாரும் கராஜுக்குள்ள. எனக்கு வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை.”

சிவாஜினி காவல்துறையை அழைத்துப் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அன்ரி சாமியறையைத் திறந்தாள். பிள்ளையார் படத்துக்குக் கீழே, போர்வைக்குள்ளிருந்து ஒரு மெலிந்த இளைஞன் எழுந்தான். கம்பளிச் சட்டைக்குள் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக இரண்டு விரிப்புகள் சொருகியிருந்தன. மின்கம்பிகள் வால் போலத் தொங்கின.

அவன் சிவாஜினியைப் பார்க்கவில்லை. சடகோபனின் கையிலிருந்த தொட்டியைப் பார்த்தான்.

“மூண்டும் முழுசா இருக்குதோ?”

“எனக்குத்தான் ஒண்ணு ரெண்டு பாகம் குறையுது,” என்றான் சடகோபன். “அதுங்க நல்லா இருக்கு. எடுத்துக்கோப்பா, புண்ணியமா போகும்.”

குசினி மேசையில் வைத்து சுஜீதன் நடந்ததைச் சொன்னான். சுபாங்கன் சித்தப்பா மகனும் இல்லை, பெரியப்பா மகனும் இல்லை. ஒரு கலியாண வீட்டில் பழக்கமானவன். ஆய்வுக்கூடத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டான். கூட்டிப்போய்க் காட்டினான் சுஜீதன். பிறகு மூன்றைக் காணவில்லை. சுபாங்கனின் கார்ப் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிக்குள், காலுறைகளில் சுற்றி, வெளிநாட்டு விலாசத்தோடு கிடந்தவற்றை சுஜீதனே கண்டு எடுத்து வந்தான்.

“நான் ஆருக்கும் சொன்னால், ‘அவனும் கூட்டு’ எண்டு தான் சொல்லிப்போடுவன் எண்டு சுபாங்கன் வெருட்டினவன். விசா இல்லாமல் போயிடும் எண்டவன். அதுக்குப் பிறகு தெருவில அவன்ர சொந்தக் கார் நிண்டுது. நான் கராஜுக்கே போகேல்லை.” அவன் குரல் இறங்கியது. “அங்கிள் கோயில்ல ஒரு லோயரைச் சந்திக்கப் போட்டார். அவர் சனிக்கிழமையில அங்க வாறவராம்.”

சிவாஜினி நிமிர்ந்தாள். “கராஜுக்குப் போகேல்லையோ? அப்ப இதுகளை ஒரே தொட்டியில விட்டது?”

“நான்தான்,” என்றாள் அன்ரி. “பெடியன் ராத்திரி குளிரில விறைச்சுப் போனான். விரிப்பை எடுக்கத்தானே வேணும். அவன் வீடியோ கோலில சொல்லச் சொல்ல நான் இடியப்பத் தட்டால அள்ளி மாத்தினனான். ஆண் எல்லாம் சேர்ந்தால் கடிபடும், கூடாது எண்டு அழாக்குறையாச் சொன்னவன். நான் சொன்னன், நீ சும்மா இரு, இந்த வீட்டில ஒரு அறைக்குள்ள மூண்டு கம்பஸ் பெடியளை வைச்சிருந்தனான், நடுவில சேலை கட்டிவிட்ட பிறகு ஒரு சண்டை இல்லை எண்டு.”

பழகிய கை. சடகோபன் சிவாஜினியைப் பார்த்து மெல்ல இருமினான்.

“இருந்தாலும் இரவுக்கு முதல் பிரிக்க வேணும் அன்ரி,” என்றான் சுஜீதன். “இதுகள் தட்டைத் தள்ளி விழுத்திப்போடும்.”

அன்ரி அலுமாரியைத் திறந்தாள். கழுவி அடுக்கிய ஐஸ்கிரீம் டப்பாக்கள் கூரை வரைக்கும் இருந்தன. மூன்றை எடுத்தாள். மூடியில் கத்தி நுனியால் துளை போட்டாள். சுஜீதன் மணலை நிரப்பி, பல்லிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி இறக்கினான். தன் சட்டைக்குள்ளிருந்து விரிப்புகளை உருவி டப்பாக்களின் கீழே வைத்தான்.

“திங்கட்கிழமை இதுகளையும் கொண்டு போவன்,” என்றான். “நீங்களும் வாறீங்களோ அக்கா? அவன் சொன்னதெண்டு இப்ப சொன்னீங்களே, அதை அங்கயும் சொல்ல வேணும். வால் போனால் விற்காது எண்டதை.”

“வாறன்.”

“டிக்கெட் மாத்தணும்,” என்றான் சடகோபன். “கட்சிக்காரர் வேற கிடையாது. கட்சிக்காரரைத்தான் பூட்டி வச்சிருக்கோமே.”

தெருவில் கார்க் கதவுகள் அடிபட்டன. அங்கிளின் குரலும், கூட இரண்டு ஆங்கிலக் குரல்களும் கேட்டன. பின் முற்றத்தில் கராஜ் கதவு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி நீண்டது.

“பாவம், தனியா இருக்கான்,” என்றான் சடகோபன். “நான் வேணா போய்த் துணைக்கு இருக்கட்டுமா?”

சிவாஜினி கடைசி டப்பாவின் மூடியை அழுத்தினாள். கொக்கி இல்லை. இருந்தும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“வேண்டாம்,” என்றாள். “ஒரு தொட்டிக்கு ஒண்டு.”